ஓரகத்தியோடு ஒரு காட்டு நடை

காட்டில் நடந்தால் மனம் அமைதியாகும் என்று எழுதுகிறவர்கள் ஒருவரும் ஓரகத்தியோடு காட்டில் நடந்ததில்லை. நான் நடந்திருக்கிறேன். ஒரு தை மாத ஞாயிற்றுக்கிழமை, காலையிலிருந்து பொழுது சாய்கிற வரைக்கும், முள்ளும் பாறையுமாகக் கிடக்கிற ஒரு மலையில், என் கணவருடைய தம்பியின் மனைவியோடு நடந்தேன். அமைதி வரவில்லை. உள்ளங்காலில் முள் ஏறியதுதான் மிச்சம்.

அவளும் நானும் அப்போது நேருக்கு நேர் பேசி ஒரு வருஷம் ஆகியிருந்தது. ஒரே வீடு, ஒரே சமையலறை, இரண்டு அடுப்பு. பேச்சில்லை என்றால் சத்தமில்லை என்று அர்த்தமில்லை. அதற்குத்தான் ஜாடை பேசுவது என்று ஒன்று இருக்கிறது. அவளிடம் சொல்ல வேண்டியதை நான் பூனையிடம் சொல்வேன். என்னிடம் சொல்ல வேண்டியதை அவள் குழாயிடம் சொல்வாள். "சில பேருக்கு துன்ன தட்டக் கழுவக்கூட கை வராது" என்று நான் பூனையைப் பார்த்துச் சொன்னால், "சில பேருக்கு அடுத்தவங்க தட்ட எண்றதே பொழப்பு" என்று அவள் குழாயைத் திறந்துவிட்டுச் சொல்வாள். பூனை எங்கள் வீட்டை விட்டு எப்போதோ போய்விட்டது. அதை நான் குறை சொல்ல மாட்டேன்.

சண்டை வீட்டுக்காக. திருத்தணியில் மலைக்குப் போகிற வழியை ஒட்டிய தெருவில் என் மாமனார் கட்டிய வீடு அது. தெரு முழுக்க உப்புத் தண்ணீர், எங்கள் கிணற்றில் மட்டும் பருப்பு வேகிற தண்ணீர். நான் அந்த வீட்டுக்கு வந்தபோது என் கொழுந்தன் பள்ளிக்கூடப் பையோடு திரிந்துகொண்டிருந்தான். மாமனாரும் மாமியாரும் ஒருவர் பின் ஒருவராகப் போய்ச் சேர்ந்த பிறகு பங்கு பேச்சு வந்தது. நடுவில் சுவர் எழுப்பி ஆளுக்குப் பாதி எடுத்துக்கொள்ளலாம். அல்லது ஒருவர் வீட்டை எடுத்துக்கொண்டு மற்றவர் ஊருக்கு வெளியே இருக்கிற காலிமனையை எடுத்துக்கொள்ளலாம். நான் உயிரோடு இருக்கிறவரை இந்த வீட்டுக்கு நடுவில் ஒரு செங்கல் வராது என்று சொல்லிவிட்டேன். மூத்தவள் நான். வீடு எனக்கு. அவள் மனைக்குப் போகட்டும், கொட்டகை போட்டுக்கொள்ளட்டும். அவளோ வீட்டை விட்டு இறங்க மாட்டேன் என்று குழாயிடம் உறுதியாகச் சொல்லிவிட்டாள்.

ஆண்கள் இரண்டு பேரும் முடிவெடுக்கப் பயந்து கன்னியம்மாவிடம் பூக் கேட்கலாம் என்றார்கள். எங்கள் குலதெய்வம் ஏழு கன்னிமார். ஆந்திர எல்லையை ஒட்டிய மலையில், பாறைகளுக்கு நடுவே, ஒரு பழைய கல்லிச்சி மரத்தடியில் ஏழு கல்லாக நிற்கிறார்கள். நடுக்கல்லின் நெற்றியில் ஈரப் பூ ஒன்றை ஒட்டிவைத்துக் கேள்வியைச் சொல்லிவிட்டுக் காத்திருக்க வேண்டும். அம்மனுக்கு வலப்பக்கம் விழுந்தால் ஆம், இடப்பக்கம் விழுந்தால் இல்லை. கேள்விக்கு உரியவர்கள் எல்லாரும் அங்கே நிற்க வேண்டும். ஓர் ஆள் குறைந்தாலும் அது உத்தரவாகாது. எங்கள் கேள்வி, வீடு மூத்தவருக்கா என்பது. வலம் விழுந்தால் எனக்கு. இடம் விழுந்தால் அவளுக்கு. ஞாயிற்றுக்கிழமை பன்னிரண்டு மணிக்கு எமகண்டம் தொடங்கிவிடும், அதற்குள் கேட்டுவிட வேண்டும்.

இரண்டு வண்டிகளில் போய் மாந்தோப்பு முடிகிற இடத்தில் நிறுத்தினோம். அங்கிருந்து நடைதான். பொங்கல் பானை, அரிசி, வெல்லம், தேங்காய், பூ எல்லாம் ஆண்கள் கையில். "நாங்க முன்னால போய் எடத்த கூட்டி வெக்கிறோம். நீங்க மெதுவா வாங்க" என்றார் என் வீட்டுக்காரர்.

"வழி எப்டித் தெரியும்? வருசத்துக்கு ஒரு வாட்டி வர்ற காடு."

"வழி பிரியற எடத்துல எல்லாம் மூணு கல்லு அடுக்கி வெச்சிகினு போறேன். அத்தப் பாத்துகினே வா. கண்ணில்லாதவன்கூட வந்துடுவான்."

பெரிய கண்டுபிடிப்பு செய்தவர் போல அவர் முகத்தில் ஒரு பெருமை. தம்பியையும் இழுத்துக்கொண்டு புதருக்குள் மறைந்துவிட்டார். எங்கள் இரண்டு பேரையும் தனியாக விட்டுவிட்டுப் போகிறோமே என்று அவருக்கு உறைக்கவே இல்லை. உறைத்திருந்தால் இன்னும் வேகமாகப் போயிருப்பார்.

மலையின் கீழ்ச்சரிவு முழுக்கச் சூரைமுள். நேராக இருக்கிற முள்ளாக இருந்தாலும் பரவாயில்லை. கொக்கி போல வளைந்த முள். புடவையைப் பிடித்தால் நாம் பின்னால் போய்த்தான் விடுவித்துக்கொள்ள வேண்டும். நான் முன்னால் நடந்தேன். ஒரு கிளையை விலக்கினால் அது திரும்பிப் போய்ப் பின்னால் வருகிறவர் மேல் அடிக்கும். பிடித்துக்கொண்டு நின்று அவளுக்கு வழிவிட்டிருக்கலாம். விடவில்லை. அடி விழுந்த சத்தம் கேட்டது. பிறகு அவள் சூரைச்செடியிடம் பேசினாள்.

"உன்னச் சொல்லி இன்னா பண்றது. உன்ன ஏவி விட்டவங்களச் சொல்லணும்."

நான் பதிலுக்கு வானத்தைப் பார்த்து, "காட்டுக்கு வந்தா முள்ளு குத்தத்தான் செய்யும். பஞ்சு மெத்தையா போட்டு வெப்பாங்க?" என்றேன்.

சரிவு ஏறி முடிந்ததும் பாறைகள் தொடங்கின. அந்த மலையின் பாறைகளைப் பார்த்து யாராவது அழகு என்று சொன்னால் எனக்குக் கோபம் வரும். வீடு அளவுக்கு ஒரு பாறை, ஆட்டுக்குட்டி அளவுக்கு ஒரு கல்லின் மேல் குந்திக்கொண்டிருக்கிறது. எப்போது உருளலாம் என்று காத்துக்கொண்டிருப்பது போலத்தான் எனக்குத் தெரிந்தது. இரண்டு பாறைகளுக்கு நடுவே ஒருக்களித்துத்தான் போக முடியும். உள்ளே வௌவால் நாற்றம். வெளியே வந்தால் மறுபடியும் வெயில், பாறைச் சூடு செருப்பைத் தாண்டி ஏறியது. தூரத்தில் நகரி மலை மூக்கு நீட்டிக்கொண்டு எங்களை வேடிக்கை பார்த்தது.

நடுநடுவே பழைய மரங்கள். ஓர் இலுப்பை, நான்கு பேர் கைகோத்தாலும் அணைக்க முடியாத அடிமரம், உள்ளே பொந்து. அதன் கீழ் நிழலிருக்கிறதே என்று உட்காரப் போனேன். செவ்வெறும்பு. இருநூறு வருஷம் நின்ற மரமாம், என் மாமனார் சொல்வார். இருநூறு வருஷமும் எறும்பை வளர்த்துக்கொண்டுதான் நின்றிருக்கும்போல.

அதற்கு மேலே ஒரு கல்லிச்சி. அது மண்ணில் முளைக்காது, பாறை இடுக்கில் முளைக்கும். பாறை மேல் வேரை மெழுகு வழிந்த மாதிரி விட்டு, இடுக்குக்குள் நுழைத்து, கடைசியில் பாறையை இரண்டாகப் பிளந்துவிடும். இந்த மரமும் ஒரு பெரிய பாறையைப் பிளந்து நின்றிருந்தது. எனக்கு வாயில் நமைச்சல். மரத்தைத் தட்டிக் கொடுத்து, "ஒண்ட வந்த பிடாரி ஊர்ப் பிடாரிய வெரட்டிச்சாம். நல்லா கீதுடா ஞாயம்" என்றேன்.

அவள் பாறையின் பக்கமாகப் போய் நின்றாள். மூச்சு வாங்கிக்கொண்டு, நிதானமாக, பாறையிடம் சொன்னாள். "ஒரு விரல் எடம்கூட வுடாம குந்திகினு இருந்தா, பொளந்துதான் போவும். அதுக்கு வேர் இன்னா பண்ணும்?"

சொல்லத் தெரிந்தவள். அதை நான் எப்போதும் மறுத்ததில்லை. அதைக் கேட்ட கோபத்தில் வேகமாக நடந்ததில் செருப்பு வார் ஒன்று அறுந்தது.

அதுவரை என் வீட்டுக்காரர் அடுக்கிய கற்கள் ஒழுங்காகவே வந்தன. வழி பிரிகிற இடத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக மூன்று கல். சரி, மனுஷனுக்கு ஒரு வேலையாவது உருப்படியாகச் செய்ய வந்திருக்கிறது என்று நினைத்தேன். அப்படி நினைத்துக்கொண்டே ஒரு மேட்டில் ஏறினேன்.

மேலே ஏரி அளவுக்கு ஒரே பாறையாக விரிந்த ஒரு வெளி. மரமில்லை, புதரில்லை. அந்தப் பாறை முழுக்க, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும், ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய கற்கள். மூன்று கல், நான்கு கல், ஐந்து கல். நூற்றுக்கணக்கில்.

வேண்டுதல். சொந்த வீடு வேண்டும் என்கிறவர்கள் சாமி இருக்கிற மலையில் கல் அடுக்கி வைப்பார்கள். கன்னிமார் எங்கள் குடும்பத்துக்கு மட்டும் சொந்தமில்லை. ஆடி மாதத்தில் சுற்றுவட்டாரத்தில் எல்லா ஊரிலிருந்தும் வருகிறார்கள். வருகிற ஒவ்வொருவனுக்கும் வீடு வேண்டியிருக்கிறது. இந்த மலையில் கல் அடுக்கி வழி காட்டுகிறேன் என்று ஒருவன் சொல்கிறான் என்றால், கடலில் உப்புப் போட்டு அடையாளம் வைக்கிறேன் என்பதற்கு அது சமம். அதைச் சொன்னவர் இந்த ஊரிலேயே பிறந்து, வருஷம் தவறாமல் இந்தப் பாறையைத் தாண்டிப் போனவர். இதில் எது அவர் அடுக்கியது? எல்லாமே அவர் அடுக்கியது போலவும் இருந்தது, எதுவுமே இல்லை போலவும் இருந்தது.

கைப்பேசியை எடுத்தேன். நாங்கள் ஆந்திராவுக்குப் போகாமலே கைப்பேசி ஆந்திராவுக்குப் போயிருந்தது. தெலுங்கில் ஒரு குறுஞ்செய்தி வந்தது. அவரைக் கூப்பிட்டால் ஒரு பெண் தெலுங்கில் பணிவாக ஏதோ சொல்லிவிட்டு வைத்தாள். மணி பதினொன்று தாண்டியிருந்தது. நாங்கள் போய் நிற்காவிட்டால் பூக் கேட்க முடியாது. இன்னொரு வருஷம் அந்தச் சமையலறையில் இவளோடு கிடக்க வேண்டும்.

ஒரு வரிசையைப் பிடித்து நடந்தேன். அது ஒரு பள்ளத்தில் போய் முடிந்தது. திரும்பி வந்து வேறு வரிசை. அது ஒரு பாறை விளிம்பில் முடிந்தது, கீழே மரங்களின் தலைதான் தெரிந்தது. வியர்வையைத் துடைத்துக்கொண்டு திரும்பினால், அவள் என்னோடு வரவில்லை. பாறையின் நடுவில் குந்திக்கொண்டு கல் அடுக்கிக்கொண்டிருந்தாள்.

மூன்று கல் வைத்து, நான்காவது கல்லை இரண்டு கையாலும் பிடித்து, அது ஆடாமல் நிற்கிறதா என்று பார்த்து, மெதுவாகக் கையை எடுத்தாள். எனக்கு ரத்தம் தலைக்கேறிவிட்டது. பூ விழுவதற்கு முன்பே குறுக்கு வழியில் அம்மனிடம் மனு போடுகிறாள். என் வீட்டுக்கு.

ஜாடை பேசப் பாறை இருந்தது, கல் இருந்தது, வானம் இருந்தது. எதையும் பார்க்கவில்லை. நேராக அவள் முகத்தைப் பார்த்தேன்.

"யாரு வூட்டக் கேட்டு அடுக்கறே?"

நிமிர்ந்து பார்த்தாள். ஒரு வருஷத்துக்குப் பிறகு என் வாயிலிருந்து நேராக வந்த முதல் சொல் அது என்பது அவளுக்கும் புரிந்தது. ஆனால் அசரவில்லை.

"உங்க வூட்டக் கேக்கலக்கா. எனக்கு ஒரு கதவு கேட்டேன்."

"இன்னா கதவு?"

"கதவுக்கா. கதவு. சாத்தினா மூடற கதவு. எங்க அம்மா வூட்ல ஒரே ரூமு. தறி ஒரு பக்கம், நாங்க அஞ்சு பேரு ஒரு பக்கம். இங்க வந்தா கூடத்துல பாதிய மறைச்சி ஒரு கர்ட்டன் போட்டுக் குடுத்தீங்க. தெருவுக்குப் போறவங்க எல்லாம் என் கட்டிலத் தாண்டிதான் போறீங்க. கல்யாணமாயி வந்த நாளுலேந்து நான் சத்தம் போட்டு அழுததுகூட இல்ல, தெரியுமா உங்களுக்கு?"

"அங்க கதவு வெச்சா தெருவுக்கு எப்டிப் போறது? பறந்தா?"

"அதத்தான் சொல்றேன். உங்களுக்கு வழி வேணும். எனக்கு என் பொழப்பு நடுத்தெருவுல கெடக்க வாணாம்."

"அப்ப மனைய எடுத்துகினு போயேன். நாலு பக்கமும் கதவு வெச்சிக்கோ!"

"உப்புத் தண்ணில, பாம்புக்கு நடுவுல, தனியா? உங்க கொழுந்தன் மாசத்துல பாதி நாளு வெளியூரு. நீங்க போவீங்களா?"

போக மாட்டேன். அதனால்தான் அவளைப் போகச் சொன்னேன். அதை வாய்விட்டுச் சொல்ல முடியாமல் வேறு எதையெல்லாமோ சொன்னேன். அவளும் சொன்னாள். எங்கள் குரல் பாறையில் மோதித் திரும்பி வந்தது. நான் கத்தியதே எனக்குத் திரும்பக் கேட்டபோது அசிங்கமாக இருந்தது, ஆனாலும் நிறுத்தவில்லை. அவள் அழுதாள். சத்தம் போட்டு அழுதாள். எனக்கு இரக்கம் வந்தது என்று எழுதினால் நன்றாக இருக்கும். வரவில்லை. அவள் கேட்டது சின்ன விஷயம் என்பது புரிந்ததால் எரிச்சல்தான் அதிகமாயிற்று. பெரிதாகக் கேட்கிறவளோடு சண்டை போடுவது சுலபம்.

அப்போதுதான் தீய்ந்த வாசனை வந்தது. வெல்லமும் அரிசியும் பானையடியில் கரிந்த வாசனை. இருவரும் ஒரே நேரத்தில் மூக்கை உறிஞ்சினோம்.

"பாவா பொங்க வெச்சிட்டாரு" என்றாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு. என் வீட்டுக்காரரை அவள் அப்படித்தான் கூப்பிடுவாள்.

"அந்த ஆளுக்குக் கிண்டத் தெரிஞ்சாதான?" என்றேன்.

தீய்ந்த வாசனையைப் பிடித்துக்கொண்டு பாறை வெளியைத் தாண்டி, ஒரு சந்துக்குள் இறங்கிப் போனோம். கன்னிமார் மரம் அங்கேதான் இருந்தது. ஒரு தெருவையே மூடுகிற அளவுக்கு விரிந்த கல்லிச்சி. மூன்று பக்கமும் பாறைச் சுவர். மரத்தடியில் மஞ்சள் பூசிய ஏழு கற்கள். ஆண்கள் இருவரும் வேரில் சாய்ந்து உட்கார்ந்து இலையில் பொங்கல் தின்றுகொண்டிருந்தார்கள்.

தின்றுகொண்டிருந்தார்கள். படைத்து, பூவும் கேட்டு முடித்த பிறகுதான் தின்ன முடியும்.

"இன்னாமே இவ்ளோ நேரம்?" என்றார் என் வீட்டுக்காரர். குரலில் தெம்பு இல்லை. என் கொழுந்தன் இலையை விட்டுத் தலையைத் தூக்கவே இல்லை.

"பூக் கேட்டுட்டீங்களா?"

"ஆங். எமகண்டம் வந்துடும்னு... கேட்டாச்சு. வலப்பக்கம் குடுத்துட்டா."

வலப்பக்கம் என்றால் எனக்கு. பக்கத்தில் அவள் அப்படியே நின்றுவிட்டாள். ஆனால் ஜெயித்தவளின் புருஷன் முகம் அப்படி இருக்காது. நான் அவரோடு குப்பை கொட்டி எத்தனை வருஷம்.

"இன்னா கேட்டீங்க அம்மா கிட்ட?"

இலையைப் பார்த்தார். தம்பியைப் பார்த்தார். "வித்துடலாமான்னு கேட்டோம்."

"எத்த?"

"வூட்டத்தான். லாட்ஜ் கட்றவன் ரொம்ப நாளா கேட்டுகினே கீறான். உனுக்குக் குடுத்தா அவ வுட மாட்டா. அவளுக்குக் குடுத்தா நீ வுட மாட்டே. ரெண்டு பேருக்கும் இல்லன்னா சண்டையே இல்ல பாரு. ஆளுக்கு ஒரு தெருவுல வாடகைக்குப் போயிடலாம்."

ஊர் இரண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம் என்பார்கள். எங்கள் வீட்டில் கூத்தாடி லாட்ஜ்காரன். எவ்வளவு நாளாகப் பேசி வைத்திருந்தார்கள் என்று எனக்குத் தெரியாது. எங்களை வழி தவற வைக்கத்தான் கல் அடுக்கினாரா என்று பிற்பாடு பலர் கேட்டார்கள். அந்த அளவுக்குச் சாமர்த்தியம் அவருக்குக் கிடையாது. ஆனால் நாங்கள் வராதது அவருக்கு வசதியாகப் போயிற்று. எங்கள் குரல் அந்தப் பாறைச் சந்துக்குக் கேட்காமல் இருந்திருக்காது. கேட்டுக்கொண்டே பொங்கல் கிண்டியிருக்கிறார்கள்.

எனக்கு வாய் வரவில்லை. கோபம் வந்தால் எனக்கு வாய் வராமல் இருந்ததே இல்லை, அன்றைக்கு வரவில்லை. கிணறும், சமையலறையும், மாமியார் கடைசியாகக் கிடந்த அறையும், எல்லாவற்றுக்கும் மேலே எந்த ஊர்க்காரனோ பெட்டியோடு வந்து இரவு தங்கிவிட்டுப் போவான். பயமாக இருந்தது. வீடு போய்விட்டது என்று நினைத்தேன்.

வாய் திறந்தது அவள்.

"பாவா, நாலு பேரும் நிக்கணும் இல்ல?"

"அது... நீங்க வரல..."

"வரலன்னா உத்தரவு இல்ல. நீங்க தான சொன்னீங்க, ஒரு ஆளு கொறைஞ்சாலும் செல்லாதுன்னு. இங்க ரெண்டு ஆளு கொறைஞ்சிருக்குது." அவள் கையை நீட்டினாள். "பூவக் குடுங்க. மறுபடியும் கேக்கலாம்."

"எமகண்டம் பொறந்துடுச்சி."

"எமகண்டத்துல பொங்க துன்னலாம், பூக் கேக்கக் கூடாதா?" என்றேன். எனக்கு வாய் திரும்பி வந்துவிட்டது.

பூக்கூடையைப் பிடுங்கியது நான். ஓர் அரளியை எடுத்துச் செம்புத் தண்ணீரில் முக்கி அவளிடம் கொடுத்தேன். அவள் நடுக்கல்லின் நெற்றியில் வைத்து அழுத்தினாள். பிறகு நான்கு பேரும் வரிசையாக நின்றோம். "அதே கேள்வியக் கேளுங்க" என்றேன். அவர் முணுமுணுத்தார். "சத்தமா" என்றாள் அவள். "வூட்ட விக்கலாமா தாயே" என்று சத்தமாகக் கேட்டார்.

பூ விழவில்லை.

காத்திருந்தோம். காற்று வந்தது, மேலே கல்லிச்சி இலைகள் அசைந்தன, பூ அசையவில்லை. அம்மன் பதில் சொல்கிறவரை யாரும் நகரக் கூடாது. என் வீட்டுக்காரர் கால் மாற்றி நின்றார். "கொஞ்சம் தண்ணி தெளிச்சா..." என்று இழுத்தார்.

"அம்மாவ அவசரப்படுத்துவீங்களா?" என்றேன்.

நானும் அவளும் கல்லுக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டோம். நாங்கள் சொல்லி வைத்துக்கொண்டு உட்காரவில்லை. அவள் உட்கார்ந்தாள், நானும் உட்கார்ந்தேன். பாறைச் சுவரில் வெயில் மெல்ல ஏறிக்கொண்டே போனது. தேனீ ஒன்று பூவின் மேல் உட்கார்ந்து எழுந்து போனது. அப்போதும் விழவில்லை. எங்களுக்குப் பசி. காலையிலிருந்து எதுவும் தின்னவில்லை. பக்கத்தில் தீய்ந்த பொங்கல் இருந்தது. இருவரும் தொடவில்லை. என் கொழுந்தன் ஒருமுறை அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டான். அவள் திரும்பவில்லை. என் வீட்டுக்காரர் என்னை அதட்டிப் பார்த்தார், பிறகு கெஞ்சிப் பார்த்தார், பிறகு இந்தக் காட்டில் பன்றி வரும் என்றார். வரட்டும் என்றேன். பன்றியிடமும் ஒரு வார்த்தை கேட்டுவிடலாம்.

நிழல் நீண்டு எங்கள் முதுகைத் தாண்டியது. கடைசியில் அவர் பெருமூச்சு விட்டார்.

"சரி. விக்கல. ஏந்திரு."

"வாயால சொன்னா ஆச்சா?" என்றாள் அவள்.

தட்டில் கற்பூரம் ஏற்றி நான் நீட்டினேன். எங்கள் பக்கத்தில் கற்பூரத்தைக் கையால் அணைத்துச் சொன்ன சொல்லை யாரும் மீற மாட்டார்கள். மீறினால் குடும்பம் தழைக்காது என்று பயம். அண்ணன் அணைத்தார். இன்னொன்று ஏற்றினேன். தம்பி அணைத்தான். பூ அப்போதும் நெற்றியிலேயே இருந்தது. அம்மன் கடைசிவரை எதுவும் சொல்லவில்லை. ஆண்கள்தான் பொறுக்க முடியாமல் முந்திக்கொண்டார்கள்.

இறங்கும்போது அவர்கள் முன்னால் போனார்கள். நான் அறுந்த செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வெறுங்காலோடு நடந்தேன். பின்னாலிருந்து அவள் கேட்டாள்.

"செவுரு எங்க வரும்க்கா?"

நான் சுவர் என்று ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை. ஆனால் அவள் கேட்டவுடனே, வேறு வழியே இல்லை என்பதும், அது அந்த மரத்தடியிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது என்பதும் விளங்கின. அவளை வெளியே தள்ளப் பார்த்தால் இருவருமே வெளியே போவோம்.

"கூடத்துக்கு நடுவுல" என்றேன். "தெருவாசல் எனக்கு."

"தெருவாசல் எனக்குத்தான். நீங்க சந்துப் பக்கம் தொறந்துக்கோங்க."

"மூத்தவ சந்து வழியா போவணுமா? இன்னா பேசறே நீ?"

"கெணறு உங்க பக்கம் வருதே, அது மட்டும் ஞாயமா?"

மாந்தோப்பு வரைக்கும் சண்டை போட்டுக்கொண்டே இறங்கினோம். நேருக்கு நேர், பெயரைச் சொல்லி, கையை நீட்டி. முன்னால் போன இருவரும் ஒருமுறைகூடத் திரும்பவில்லை.

மாசியில் கொத்தனார் வந்தார். சுவர் எழும்பியது. கூடம் போய்விட்டது, இரண்டு பேருக்கும் இரண்டு இருட்டறைகள் மிஞ்சின. தெருவாசல் அவளுக்குப் போனது. அதை நான் இன்னும் மன்னிக்கவில்லை. அவள் கதவை அடித்துச் சாத்துகிற சத்தம் ஒவ்வொரு ராத்திரியும் என் தலைமாட்டில் கேட்கிறது. வேண்டுமென்றேதான் அப்படிச் சாத்துகிறாள்.

போன வாரம் லாட்ஜ்காரன் மறுபடியும் வந்தான். அவள் வீடு பூட்டியிருந்தது. சந்துப் பக்கமாகச் சுற்றிக்கொண்டு என் வாசலுக்கு வந்து, தம்பி பாதியை மட்டுமாவது கேட்டுச் சொல்லுங்கம்மா, உங்களுக்கும் அவங்களுக்கும் ஆகாதாமே, அந்த அம்மா காலி பண்ணினா உங்களுக்கும் நிம்மதிதானே என்றான். நான் துடைப்பத்தோடுதான் நின்றிருந்தேன். அதைக் கீழே வைக்கவில்லை.

"அவ விக்க மாட்டா" என்றேன். "நான் வுட மாட்டேன்."